சுவர்ப் பக்கம் இறங்கியவர்கள்

சக்கரமே இல்லாத ரயில் பெட்டியில் ஏறி பெயிண்டரின் மகள் ஊரை விட்டுப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். பெட்டி எங்கேயும் போகவில்லை. பழைய ஷெட்டின் சுவரை ஒட்டி, அடுக்கிய மரக்கட்டைகளின் மேல், வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. போனது அவள் மட்டும்தான். காயலான் கடைக்குப் போகவேண்டிய ரயில் பெட்டிகளைக் கொண்டுவந்து, துருவைச் சுரண்டி, பலகை மாற்றி, பழையபடி ஆக்குகிற ஒரு கூட்டம் அந்த ஷெட்டில் இருந்தது. சம்பளம் கிடையாது, டீ உண்டு. அதையும் அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற நாளெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நாளில் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் என்பதால் ஊரில் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் என்றே பெயர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த பெயிண்டரும் அவர்களில் ஒருவர். அன்று அவர் அந்தப் பெட்டிக்கு ஊர்ப்பலகை எழுதி ஜன்னலுக்கு மேல் கொக்கியில் மாட்டினார். வழியில் எங்கும் நிற்காமல் கடைசி ஸ்டேஷன் வரை போகும் மெயில் வண்டியின் பலகை. பக்கத்து ஊர் பேர் எதையாவது எழுதித் தொலைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி அந்த மெயிலில்தான் ஓடியது, இவர்களுக்கோ இந்த மாதிரி விஷயத்தில் பொய் சொல்ல வராது. மாட்டி முடித்ததும், சாப்பாடு கொண்டுவந்திருந்த மகளிடம், "ஏறி ஜன்னலோரமா உக்காரும்மா, ஆள் இருந்தா எப்படி எடுப்பா இருக்குன்னு பாக்கறேன்" என்றார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வயல் நகர்ந்தது.

கண்ணாடியில் ஏதோ நிழல் என்றுதான் முதலில் நினைத்தார். மகளின் முடி காற்றில் பறக்கத் தொடங்கியதும் பெட்டிக்குள் ஓடினார். உள்ளே வெறும் பெஞ்சு. வார்னிஷ் வாசனை. இறங்கி வந்து வெளியிலிருந்து பார்த்தால் மகள் இருக்கிறாள். ஏறிப் பார்த்தால் இல்லை. ஏறினார், இறங்கினார், பைத்தியம் பிடித்தவர் மாதிரி அன்று பொழுது சாய்கிற வரை அதையே செய்தார். கண்ணாடியைத் தட்டினால் அவள் திரும்பவில்லை. அவள் பார்த்ததெல்லாம் வயலும் தந்திக் கம்பமும்தான். எதிரில் நின்று கத்திக்கொண்டிருந்த அப்பா அவள் கண்ணில் படவே இல்லை. டர்பன்டைன் ஊற்றிப் பலகையை அழித்தார். அழித்தும் வயல் நிற்கவில்லை. கூட்டத்தில் வயதில் மூத்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, பச்சைக்கொடி என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலை நிதானமாகப் பார்த்துவிட்டு, "கிளம்பும்போது எந்தப் பலகையோ அதான் கணக்கு. நடு வழியில அழிச்சா வண்டிக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார்.

வண்டி மெயில்தான், ஆனால் நம் கணக்குக்கு ஆமை வேகம். ஒரு தந்திக் கம்பம் ஜன்னலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக ஒரு வாரம் பிடித்தது. அவள் உரிக்க ஆரம்பித்த ஆரஞ்சுப் பழம் ஒரு மழைக்காலம் முழுக்க உரிபட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை தும்மினாள், அது முடிகிற வரை அம்மாக்காரி சோறு இறங்காமல் கிடந்தாள். அந்த அம்மா கணவரிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "ஏறச் சொன்னது நீங்கதானே?" அதோடு பேச்சை நிறுத்தினாள். தையல் மெஷினைக் கொண்டுவந்து அந்த ஜன்னலுக்குக் கீழே போட்டுக்கொண்டு, ஊராருக்கு ரவிக்கை தைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மகளோடு படித்தவர்களுக்குக் கல்யாணமாகி, அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். துணி கொடுக்க வந்தவர்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கு கொஞ்சம் களைப்பா தெரியறாளே" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பெயிண்டர் கடைப்பலகை எழுதுவதை விட்டுவிட்டார். ஊர்ப் பேர் வருகிற எதையும் தொடவே மாட்டேன் என்றார்.

இதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. ஜன்னலில் ஒரு இரும்புப் பாலம் தெரிந்த நாளில் பச்சைக்கொடி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாலத்தை அவருக்குத் தெரியும். அதைத் தாண்டினால் கடைசி ஸ்டேஷன்தான். ஆனால் அந்த ஸ்டேஷனை என்றைக்கோ இடித்து, தண்டவாளத்தையும் பிடுங்கி, அங்கே லாரி நிறுத்துகிறார்கள். "பிளாட்பாரம் இருந்தா வண்டி நிக்கும். இல்லேன்னா போய்க்கிட்டே இருக்கும்" என்றார். எதுவரைக்கும் என்று கேட்கப் பெயிண்டருக்குத் தைரியம் வரவில்லை. வேறு பெட்டிகளின் வேலையெல்லாம் அப்படியே கிடக்க, ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் எல்லாக் கிழமைக்காரர்கள் ஆனார்கள். ஸ்டேஷன் இருந்த இடத்தில் இனி வண்டி நிற்காது, வண்டி இருக்கிற இடத்துக்கு ஸ்டேஷன் வரட்டும் என்று பெட்டியை ஒட்டியே பிளாட்பாரம் கட்டினார்கள். அந்தக் கடைசி ஸ்டேஷனில் பிளாட்பாரம் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "இடது கைப் பக்கம், சந்தேகமே வேண்டாம்" என்று பச்சைக்கொடி அடித்துச் சொன்னார். வண்டி போகிற திசையைப் பார்த்து நின்று இடது கையை நீட்டினார்கள். தையல் மெஷின் இருந்த பக்கம் வந்தது. அம்மாக்காரியே செங்கல் சுமந்தாள். பெயிண்டர் மூலையில் போட்டிருந்த பிரஷ்ஷைத் தேடி எடுத்து ஸ்டேஷன் பெயரை எழுதினார். நல்ல வேலை, யாரும் குறை சொல்ல முடியாது.

வண்டி வந்தது. ஜன்னலில் காட்சி நின்றதும் உள்ளே எல்லாமே நம் வேகத்துக்கு வந்துவிட்டது. அதுவரை கண்ணில் படாத பயணிகள் எழுந்து பெட்டி படுக்கைகளை இறக்கினார்கள். பிளாட்பாரத்தில் எல்லாரும் கதவை முட்டிக்கொண்டு நிற்க, கதவு திறக்கவில்லை. மகள் எழுந்தாள், பையைத் தோளில் மாட்டினாள், அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம், சுவர்ப் பக்கம், போனாள். அந்தப் பக்கத்தில்தான் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. பச்சைக்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. கார்டு வேலை என்பது கடைசிப் பெட்டியில் நின்று, வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போவது. அவருடைய இடது கை ஊருக்கெல்லாம் வலது கை. "ஐயோ, நான் பின்னாடி பாத்தே பழகினவன்யா" என்று அந்த மனிதர் மார்பில் அடித்துக்கொண்டார். கேட்க அங்கே பெயிண்டர் இல்லை. அவர் மரக்கட்டைகளுக்கு நடுவே பெட்டிக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். முழங்கை கிழிந்தது, வேட்டி ஒரு போல்ட்டில் மாட்டி நின்றுவிட்டது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற இடம்தான். தலைக்கு மேலே திறந்த கதவில், பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு போட்ட கார்டு ஒருவர் கீழே குனிந்து பார்த்து, "இங்க பிளாட்பாரம் இல்ல, யாரும் இறங்காதீங்க" என்று கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தார்.

"இருக்கு சார். இங்க இருக்கு" என்று பெயிண்டர் கதவுக்குக் கீழே முட்டி போட்டு, கையை ஊன்றி, முதுகை நிமிர்த்திக் கொடுத்தார். முதல் கால் விழுந்தது. கனமான பூட்ஸ். மகள் இல்லை. அடுத்தது ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கியது, எலும்பு ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்க்க அந்த இடுக்கில் வழியில்லை. எந்தக் கால் அவளுடையது என்று தெரியாததால் எல்லாக் காலையும் தாங்கினார். மிதித்து இறங்கியவர்கள் சுவரோரமாக நடந்து வெளியே போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு நேரத்துக்குமேல் அவருக்கு வலி கூடத் தெரியவில்லை, பயம் மட்டும்தான்: கை விட்டுப்போனால், அடுத்த கால் அவளுடையதாக இருந்துவிட்டால். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்போதும் அவர் அசையவில்லை. சுவர் முனையிலிருந்து மனைவியின் குரல், அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "ஏங்க, எழுந்து வாங்க. அவ இறங்கிட்டா" என்றது. "நல்லா பாத்தியா? வேற யாரோ இல்லையே?" என்று கேட்டார். மகளே வந்து தோளைத் தொடுகிற வரை அவர் நம்பவில்லை.

மெயிலில் வந்த மற்றவர்கள் ஊரிலேயே ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொண்டார்கள்; அவர்களால் வாடகை கொஞ்சம் ஏறியது. மகள் போனபோது இருந்த வயதிலேயே இருந்ததால் படிப்பைத் தொடர்ந்தாள். பெட்டிக்குச் சக்கரம் வைத்தாயிற்று, விடுமுறை நாளில் ஓடுகிறது. பெயிண்டருக்கு முதுகு நிமிரவே இல்லை. அதில் விழுந்த கால் தடங்கள், பூட்ஸும் செருப்பும் வெறுங்காலுமாக, எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. வைத்தியர் பார்த்துவிட்டு, இருக்கட்டும், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றார். சாயங்காலம் விளக்கு வைத்ததும் மனைவி எண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து அவரைக் குப்புறப் படுக்க வைத்துத் தேய்த்துவிடுகிறாள். இடது தோளுக்குக் கீழே, மெல்லிய செருப்புத் தடம் ஒன்று இருக்கிறது. அந்த இடம் வந்ததும் கையை எடுத்து, சுற்றிலும் மட்டும் தேய்க்கிறாள்.

"அங்க வலிக்குதா?" என்று கேட்கிறாள்.

"அங்க மட்டும் வலிக்கல" என்கிறார் அவர்.