ஓ-வுக்கு அடுத்த எழுத்து

1

இந்தக் கதை பிறந்தது என் மனைவி சுவர்ணாவின் ஒரு வாய்த்தவறில். அதைச் சொல்லிச் சொல்லி ஆறு மாதம் சிரித்தேன், பிறகு எழுத உட்கார்ந்தேன். அவளிடம் அனுமதி கேட்கவில்லை.

முதல் தொடக்கம்: தோர்ண்டன் ஹீத்தில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு… (லண்டன் கதையென்றால் மழையா? வேண்டாம்.)

2

கட்டுரையாகத் தொடங்கிப் பார்க்கிறேன். ஒக்கினாவாத் தீவில் ஓர் ஆசான் கற்பித்த கராத்தேக்குப் பெயரே இருக்கவில்லையாம். அவருடைய மாணவர் தோக்கியோவுக்குச் செய்துகாட்டப் போன இடத்தில், உங்கள் பாணிக்கு என்ன பெயர் என்று யாரோ கேட்க, அவர் திருதிருவென்று விழித்தாராம். அதன்பிறகுதான் 'கோஜு' என்ற பெயர் வந்தது. கோ வன்மை, ஜு மென்மை. இழுக்கும் மூச்சும் விடும் மூச்சும் போல இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும்.

ஐம்பது வயதில் இதைக் கேள்விப்பட்ட சுவர்ணா, "இது எங்கட வல்லினம் மெல்லினம்தானே" என்று வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

3

வாய்த்தவறு இதுதான். அவளுடைய வகுப்பில் எதற்கும் 'ஓஸ்' என்றே பதில் சொல்லவேண்டும். கறுப்பு பெல்ட் தேர்வில், தேர்வாளரான வெள்ளைக்காரர் தயாரா என்று கேட்டார். பதற்றத்தில் இவள், யாழ்ப்பாணத்தார் 'ஆம்' என்பதற்குச் சொல்லும் 'ஓம்' என்றாள். அவர் மந்திரமாக்கும் என்று பணிவோடு கண்ணை மூடினார். மண்டபமே கண்ணை மூடிக்கொண்டது. பிரார்த்தனை முடியட்டும் என்று அவர் காத்திருக்க, அவர் கண் திறக்கட்டும் என்று இவள் காத்திருக்க, முதலில் எந்தக் காலை வைப்பதென்பதே இவளுக்கு மறந்துபோயிற்று. பெல்ட் கிடைக்கவில்லை.

(பார்வையாளர் வரிசையில் நான் சிரித்தேன். இதை அடிக்குறிப்பில் போடவிருந்தேன். ஒளிப்பது போலிருந்தது.)

4

நேற்று அவள் இதுவரை எழுதியதை வாசித்தாள். ஒரு முடிவும் வைத்திருந்தேன்: இன்னும் நடக்காத மறுதேர்விலும் தோற்று, வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் யன்னலோரம் —

(அடித்துவிட்டாள். பேனையும் அவளுடையது.)

"நான் தோத்தா உங்களுக்குக் கதை. எனக்கு பெல்ட் வேணும்."

இந்தமுறை ஓஸ் வருமா என்று கேட்டேன்.

"முப்பது வருசமா உங்களுக்கு ஓம் சொன்ன வாய். என்ன வருமோ தெரியாது. எது வந்தாலும் நான் நிக்கமாட்டன்."

சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

5

இன்று ஞாயிறு. அதே மண்டபம், அதே வரிசை, மடியில் இந்தத் தாள். எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. அதே தேர்வாளர் தயாரா என்று கேட்கிறார். சுவர்ணா வாய் திறக்கிறாள்.

"ஓ—"

அடுத்த எழுத்தை நீங்களே போடுங்கள். 'ம்' போட்டால் மெல்லினம். 'ஸ்' போட்டால் எங்கள் மூவினத்திலும் சேராது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது கால் முன்னே போய்விட்டது.