ஒரு பக்கம் மெலிந்த சாலிடர்

எந்தப் பக்கம் முதலில் விட்டுக்கொடுத்தாய்? சொல்லித் தொலையேன்.

அவள் இதை வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஆய்வுக்கூடமே சிரித்திருக்கும். மேசைமேல் கிடந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு பவர் மாட்யூல். காற்றாலை தரும் தறிகெட்ட மின்சாரத்தை வெட்டி ஒழுங்குபடுத்தும் வேலையில் இருந்து, கருகித் திரும்பி வந்திருந்தது. செத்த மாட்யூல்களை அறுத்து, செத்த காரணத்தைச் சொல்வதுதான் அவள் உத்தியோகம்.

காற்றாலையில் அதைப் பொருத்தியவர்கள் நான்கு மூலைத் திருகுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்காமல், ஒரே மூலையை ஒரேயடியாக முறுக்கிவிட்டார்கள் என்பது தொழிற்சாலையின் பேச்சு. அவளும் அப்படியே எழுதிவிட்டால் அந்தக் குழுவுக்கு இனி வேலை கிடைக்காது. ஆனால் அப்படி முறுக்கியிருந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் தகடு மூலையில் கீறியிருக்குமே? அது முழுசாக இருந்தது.

அறுத்த முகத்தை மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சிப்பைத் தகட்டோடு ஒட்டவைக்க அதன் அடியில் உருக்கி விட்ட உலோகப் பற்று, அந்தச் சாலிடர், ஒரு பக்கம் தடித்தும், மறுபக்கம் நூலாக மெலிந்தும் இருந்தது. காற்று ஏறினால் சிப் சூடாகும், அடங்கினால் ஆறும். அந்த விரிதலையும் சுருங்குதலையும் தாங்க மாட்டாமல் மெலிந்த பக்கம் விட்டுப்போயிருந்தது. அடுப்பில் சாலிடர் உருகும்போது மாட்யூலைத் தாங்கும் தட்டு சாய்ந்திருந்தால்தான் இப்படி வழியும்.

ஏன் சாய்ந்தது? அந்தக் கேள்வி அவளை உட்காரவிடவில்லை. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு சாலிடர் அடுப்புப் பிரிவுக்குப் போனாள். அங்கே பொறுப்பாளர் அவளுடைய சொந்த அக்கா.

"வாடி, துப்பறியும் புலி! யாரைப் பிடிக்க வந்திருக்கே?"

"உன் தட்டைத்தான்."

அடுப்பு ஆறியிருந்தது. குனிந்து பார்த்தாள். தட்டின் ஒரு மூலைக்கு அடியில் மடித்த செப்புத் தகடு ஒன்று இருந்தது.

"இது என்னக்கா?"

"ஆடிக்கிட்டே இருந்துச்சு. புதுத் தட்டு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். நானே முட்டுக் கொடுத்துட்டேன். இப்ப அசையுதா பாரு!"

அசையவில்லைதான். ரசமட்டத்தை மேலே வைத்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடியது. அவளுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம், விடை அகப்பட்ட சந்தோஷம். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது கூசிப்போனது.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "திருகுன்னே எழுதிடுடி. அவங்க யாரோ எவரோ. இல்லேன்னா எனக்கு இந்தப் பொறுப்பு போயிடும். என் சின்னப் பொண்ணு இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா."

யாரோ எவரோதான். ஆனால் அவர்கள் மேல் தப்பில்லை என்பது இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொள்ளத் துடித்த மனசுக்கு, தெரிந்ததை மறக்கும் வித்தை மட்டும் பிடிபடவில்லை.

"நீ புதுத் தட்டு கேட்டதையும், யாரும் தராததையும் சேர்த்தே எழுதறேன்க்கா."

"அப்ப திருகு?"

"அதை எழுத மாட்டேன்," என்றாள், அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி.