ஓரக் கருப்பு

…இல்லை, இது இங்கே இருக்கக் கூடாது, இருந்தால் இத்தனை வருடப் பாடும் போச்சு, என்று முத்துச்செல்வி வலைக்குள் படபடத்த வண்ணத்துப்பூச்சியைத் திரும்பவும் பார்த்தாள், வெள்ளைச் சிறகு, நுனியில் ஆரஞ்சு, அதெல்லாம் சரி, ஓரத்தில் இவ்வளவு அகலமாக, கரியைக் குழைத்து அப்பினாற்போல இந்தக் கருப்பு எப்படி வந்தது? நாகலாபுரத்துக் காட்டில் ஆரஞ்சு நுனி என்ற இந்த இனம் மட்டும்தான் உண்டு, அதன் பங்காளி இனமான சிவப்பு நுனி கிடையாது, பங்காளி இல்லாத இடத்தில் ஓரக் கருப்பு நூலாக மெலிந்திருக்கும், இரண்டும் சேர்ந்து வாழும் குளத்தூரில்தான் தடிக்கும், ஆள் மாறித் துணை தேடிவிடக் கூடாதே என்று தலைமுறை தலைமுறையாக விலகி விலகி வேறாகிவிடும்… இதுதான் அவளுடைய ஆய்வு, இதைத்தான் நாளைக் காலை வைவாவில் வெளியூர்ப் பேராசிரியர் முன்னால் நின்று சொல்ல வேண்டும், சொன்னால் பட்டம், பட்டம் வந்தால் கல்லூரியில் காலியாயிருக்கும் அந்த ஒரே வேலை. வழிகாட்டி தங்கப்பாண்டியன் சார் சும்மா இருந்திருக்கலாம், "கழுவிக் கொண்டாந்த போட்டோவ மட்டும் காட்டாதீங்கம்மா, உயிரோட ஒண்ணு கொண்டாங்க, அவரு அசந்துருவாரு" என்றார், இப்போது அசந்து நிற்பது இவள்.

ஒன்றுதானே, ஏதோ தப்பிப் பிறந்ததாக இருக்கும்… விழுதிச் செடிமேல் இன்னொன்று உட்கார்ந்திருந்தது, அதற்கும் கருப்பு, அந்தப் பக்கம் இரண்டு, அவற்றுக்கும்… மழை. பாழாய்ப்போன மழை. வாரக்கணக்கில் பெய்து நேற்றுத்தான் வெறித்தது. மழைக்குப் பிறக்கும் பூச்சிக்குக் கருப்பு கூடும், கோடையில் பிறப்பது வெளுத்திருக்கும், படித்ததுதான், தெரிந்ததுதான்… குளத்தூருக்குப் போனதெல்லாம் எப்போது? ஐப்பசி, கார்த்திகை, அங்கே தார் ரோட்டோரமாகவே பிடித்துவிடலாம். நாகலாபுரத்துக்கு? பங்குனி, சித்திரை. கரிசல் நனைந்துவிட்டால் காட்டுக்குள் யார் இறங்குவது, முதல் எட்டில் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், அடுத்த எட்டில் காலே கனத்துப்போகும். ஆக, இத்தனை நாளும் இவள் அளந்தது பங்காளிகள் விலகியதையா, வெறும் மழையையா?

"ஏட்டி செல்வி, மாட்டிச்சா? அப்படி என்னத்தப் பாக்குத? பஸ்ஸு வந்துரும்ட்டி!" ரோட்டு மேட்டில் இக்ரா, துணைக்கு வந்தவள், தங்கப்பாண்டியன் சாரிடமே எறும்புகளை ஆராய்ந்தவள், அதே வேலைக்கு மனு போட்டிருப்பவள். இக்ராதான் அன்றைக்கே சொன்னாள், "மழைக்காலத்துலயும் நாகலாபுரம் போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துருட்டி", "இந்த வானம் பாத்த பூமியில மழைக்காலம்னு தனியா எங்கட்டி இருக்கு?" என்று சிரித்தே அவள் வாயை இவள் அடைத்தாயிற்று. எம்.எஸ்ஸி.யில் ஒரே பெஞ்சு, பேச்சும் சிரிப்பும் ஒன்றுபோல, விடைத்தாள் யாருடையது என்று வாத்தியார்களே குழம்புவார்கள், ஒரே சாரிடம் வந்து சேர்ந்த பிறகுதான்… இக்ரா நிதானம் என்றால் இவள் வேகம், இக்ரா சந்தேகப்பட்டால் இவள் அடித்துச் சொல்வாள், அவள் வேண்டும் என்றது இவளுக்கு வேண்டாம். சீ, என்ன நினைப்பு இது, போகாததற்குச் சேறுதான் காரணம், சேறு மட்டும்தான்… போன கார்த்திகையில் அத்தை மகள் சடங்குக்கு இதே ஊருக்கு, இதே சேற்றில், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நடந்து போகவில்லையா? போயிருக்கலாம். இக்ரா சொன்னாள் என்பதற்காகவே போகவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"செல்வீ! என்னாச்சுட்டி?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், "இங்கன வா" என்று வந்துவிட்டது. இக்ரா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல், சேற்றில் இறங்கினாள். அவள் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வந்து சேர நேரமாகும், அதற்குள் வலையைத் திறந்துவிடலாம், விரல் வலையின் வாயில்தான் இருந்தது, இதைப் பறக்க விட்டுவிடலாம்தான்… செடிமேல் உட்கார்ந்திருப்பவற்றை?