ஒழுகாத பன்னிரண்டு துளைகள்

பொட்டுத் தண்ணீர் ஒழுகாது என்று மார்தட்டித்தான் அந்த வேலையை முடித்தேன். அணையின் வயிற்றுக்குள் ஆள் நடக்கிற மாதிரி நீளமான சுரங்கப்பாதை. அதன் தரையில் வரிசையாகப் பன்னிரண்டு துளைகள். எல்லாவற்றிலும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பெரிய அதிகாரி பார்க்க வருகிறார், பாதையைச் சுத்தமாக்கு என்றான் காண்ட்ராக்டர். இருபது வருஷக் கொத்தனாருக்கு ஒழுகலைக் கண்டால் கை சும்மா இருக்குமா? பன்னிரண்டையும் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே வழவழவென்று பூசியும் விட்டேன்.

மழை பிடித்த நாலாம் நாள் அணைக்குக் கீழே கரமனை ஆற்றோர வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன். ஜீப் வந்தது. இறங்கிய மலையாளத்து என்ஜினீயர் ஜெயஷீலா மேடம் முகத்தில் ஈயாடவில்லை.

"நெல்லையப்பன் அண்ணே, அந்த ஓட்டையெல்லாம் நிங்களா அடைச்சது?"

"ஆமா மேடம். இனி ஒழுகாது."

"ஐயோ, ஒழுகணும் அண்ணே! பாறைக்குள்ள வெடிப்பு உண்டு. அது வழியா தண்ணி அணைக்கு அடியில போகும். வெளிய வர வழியில்லைன்னா அணையையே கீழேருந்து தூக்கும். ப்ரஷர் முள்ளு சிவப்புக் கோட்டுக்கிட்ட வந்தாச்சு. தாண்டினா ஷட்டர் முழுசா திறக்கணும், கேட்டோ. ஓட்டை எங்கேன்னே தெரியல, வாங்க!"

ஷட்டரைத் திறந்தால் முதலில் மூழ்குவது ஆற்றோரத்து எங்கள் வீட்டு வரிசைதான். என் மனைவி சுடலைமாடத்திக்கு நிறைமாதம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மூட்டையைக் கட்டிவை, ஃபோன் பண்ணுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

துளைகள் இருந்த இடம் என் கைக்குத் தெரியும். ஆனால் நான் போட்ட சிமெண்டாச்சே, லேசில் விடுமா? உளி தெறித்தது. இவ்வளவு நன்றாக வேலை செய்த அந்தக் கொத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். முதல் துளை உடைந்ததும் தண்ணீர் பீச்சி முகத்தில் அடித்தது. பன்னிரண்டும் திறந்தபோது முழங்காலளவு தண்ணீரில் நின்றோம். முள் மெல்ல மெல்ல இறங்கியது. மேடம் சுவரில் சாய்ந்து "கர்த்தாவே" என்றார். எனக்கு உயிர் வந்தது.

வெளியே ஓடிவந்து ஃபோன் போட்டேன்.

"ஏட்டி, மூட்டையை அவுரு! ஒழுகிட்டு! பன்னெண்டும் ஒழுகுது!"

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஒழுகுதுன்னு சிரிக்கிற கொத்தனாரை இன்னைக்குத்தான் பாக்கேன். சீக்கிரம் வாங்க, சோறு பாதியில கெடக்கு."