எந்த வரியில் இருக்கிறது?

பந்தல் கம்பு நடுவதற்குள் பட்டாசுக் கம்பெனி போர்மேன் தனுஷ்கோடி வந்துவிட்டார். ஒரு கையில் மஞ்சப்பை, இன்னொரு கையில் தட்டச்சு செய்த தாள். பையை இசைவாணியிடம் நீட்டினார்.

"அம்மா சாமான்மா. ரூமுக்கு வெளிய வேப்பமரத்தடியில கெடந்துச்சு. நாந்தான் எடுத்து வச்சேன்."

உள்ளே தூக்குவாளியும், பச்சை வார் வைத்த செருப்பும் இருந்தன. நேற்றுக் காலையில் அம்மா போட்டுக்கொண்டு போன செருப்பு. அதில் ஒரு பொட்டுக் கருகல் இல்லை. அம்மாவைத்தான் முகம் பார்க்க முடியாதபடி வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள்.

"மாரிக்கண்ணா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. கம்பெனில கேக்காக. எப்பவும் வாங்குறதுதான்."

அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். "என்னன்னு பாரு தாயி" என்று தாளை மகளிடம் கொடுத்தார்.

'தொழிலாளி வள்ளித்தாய் விதியை மீறிச் செருப்புக் காலோடு மருந்து அறைக்குள் நுழைந்ததால் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. அவருடைய கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.'

அப்பாவுக்குக் கேட்கும்படி இசைவாணி அதை வாசித்தாள்.

போன வாரம்தான் பிளஸ் டூ வகுப்பில் பஞ்சம்மாள் டீச்சர் ஒரு சிறுகதையைக் கொடுத்துப் பத்தி எழுதச் சொன்னார். பெரிய வீட்டில் கொலுசு காணாமல் போகிறது; வேலைக்காரியை விரட்டுகிறார்கள். 'வேலைக்காரி பேராசைக்காரி' என்று இசைவாணி அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'எந்த வரியில் இருக்கிறது?' எத்தனை முறை புரட்டியும் அப்படி ஒரு வரி அகப்படவில்லை. வீட்டுக்காரி சொன்னதை இவளும் நம்பித் தொலைத்திருக்கிறாள்.

"கருத்தச் சொல்லு. கதையிலருந்து சான்று காட்டு. அது எப்படிப் பொருந்துதுன்னு விளக்கு. சான்று இல்லாம ஒருத்தி மேல பழி போடாத" என்றார் டீச்சர். வீட்டில் சொன்னபோது, காலில் ஒட்டிய வெள்ளிப் பவுடரைத் தேய்த்துக்கொண்டே அம்மா சிரித்தாள். "பாவம், அவள நீயுமா வைஞ்ச?"

இசைவாணி செருப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாமா, இது எங்கன கெடந்துச்சு?"

"அதான் சொன்னேனே, மரத்தடி..." தனுஷ்கோடி வாயை மூடிக்கொண்டார்.

"அம்மா கால்ல இருந்தா எரிஞ்சிருக்கும்ல?"

"அது ஆபீஸ்ல எழுதுனதும்மா."

"நாலு பேரு ரூம்ல தீவாளி சீசன்னு ஒம்பது பேர உக்கார வச்சீகளே, அது எந்த வரில இருக்கு?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் தனுஷ்கோடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வேலுத்தாய் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு வந்தாள். செத்தவர் புழங்கியதைச் சுடுகாட்டில் போட்டுவிட வேண்டும்.

"செருப்பயும் சேத்துக் கொண்டுபோங்கத்தா, வீட்ல இருக்கப்படாது" என்று தனுஷ்கோடி அவசரமாகக் கை நீட்டினார். அந்த அவசரத்தைப் பார்த்ததும் இசைவாணிக்கு அவர் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

"தொடாதீக!"

புத்தகப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். டீச்சரின் சிவப்புக் கேள்விக்கு அடுத்த பக்கத்தில், பேனா தாளைக் கிழிக்கும்படி அழுத்தி எழுதினாள்.

'வள்ளித்தாய் செருப்போடு அறைக்குள் போகவில்லை. அவருடைய செருப்பு வேப்பமரத்தடியில் கருகாமல் கிடந்தது. எடுத்து வந்தவர் போர்மேன் தனுஷ்கோடி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு விதிப்படி உள்ளே போனவர் மேல் பழி போடுவது பொய்.'

உரக்க வாசித்தாள்.

அப்பா கம்பெனித் தாளை நாலாக மடித்துத் தனுஷ்கோடியின் சட்டைப் பையில் செருகினார்.

"எங்கன போடணும் தாயி?"

அவள் நோட்டைக் காட்டினாள். பத்திக்குக் கீழே, எழுத்து எழுத்தாகக் கூட்டி, மாரிக்கண்ணன் தன் பெயரை எழுதி முடித்தார்.

பாடை கிளம்பியதும் பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். எல்லோரும் வெறுங்காலில் நின்றார்கள். இசைவாணியின் காலில் மட்டும் பச்சை வார்ச் செருப்பு. அது அவளுக்கு ஒரு அளவு பெரிது.