பத்தாவது கை

கப்பல் மூன்றாவது தடவையாகத் துறையை நெருங்கியது. மூன்றாவது தடவையாகப் பின்வாங்கியது.

மணி இரண்டு முப்பத்தைந்து.

மார்வென் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அன்பினால் அல்ல. அவளுக்கு எதையாவது நெரிக்க வேண்டியிருந்தது. என் கை பக்கத்தில் இருந்தது.

"கட்ட மாட்டான்" என்றாள். "ஃபெர்கஸ், இந்த அலையில கேப்டன் கயிறு போட மாட்டான். திரும்பிடுவான்."

"திரும்பினா?"

"பதினோரு வருஷம் போச்சு."

என் மனைவி சும்மா பேசுகிறவள் இல்லை. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்று கேட்ட அந்தப் பெரிய வாக்கெடுப்பில் நாங்கள் தோற்ற மறுநாள், கட்சியின் ஸ்கார்வே தீவுக் கிளையில் நாற்பத்தொரு உறுப்பினர்கள் இருந்தார்கள். நாங்கள் என்று நான் சொல்லக்கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன். அந்த நாற்பத்தொன்றில் இன்றைக்கு மிச்சம் பத்து. அந்தப் பத்தும் சிதறாமல் பார்த்துக்கொண்டவள் மார்வென். காலையில் பள்ளிக்கூட வண்டி ஓட்டுவாள். சாயங்காலம் கிளைச் செயலாளர்.

போன மாதம் எடின்பரோ தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. பிரச்சாரத்தை மறுபடி தொடங்கப் போகிறார்களாம். உயிரோடு இருக்கிற கிளைகளுக்கு மட்டும்தான் அதில் இடம். உயிரோடு இருப்பதென்றால், இன்றைக்கு, சனிக்கிழமை மூன்று மணிக்குள் பத்து உறுப்பினர்கள் கூடி, கை தூக்கித் தீர்மானம் போட வேண்டும். ஒன்பது என்றால் கிளை கலைப்பு. எங்கள் தீவைக் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கிளையோடு ஒட்டிவிடுவார்கள்.

மார்வெனையும் சேர்த்துத் தீவில் எட்டுப் பேர்; மற்ற ஏழு பேரும் சமுதாயக் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மீதி இரண்டு பேர் அந்தக் கப்பலில்: நர்ஸ் மைரி, பயிற்சி முடிந்து வருகிறாள், நண்டுக்காரன் ரூரி, படகுக்குப் புது இன்ஜின் பார்த்துவிட்டு வருகிறான்.

"நான் வேணா இப்பவே சேர்ந்துடறேன்" என்றேன்.

மார்வென் திரும்பி முறைத்தாள். "நீ அஞ்சு."

அவளிடம் ஒரு பச்சை நோட்டு உண்டு. தீவில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை ஓர் எண். பத்து என்றால் நாளைக்கே விடுதலை. ஒன்று என்றால் செத்தாலும் மாட்டேன். பதினோரு வருஷமாக என் பெயருக்கு எதிரே ஐந்து. ஒரே கட்டில், ஒரே போர்வை, ஐந்து.

"எனக்காகச் சேர்றவன் எனக்கு வேண்டாம். அதோட மூணு மாசம் உறுப்பினரா இருந்தாத்தான் கை கணக்கு."

"அப்ப போன்ல மைரியைக் கூப்பிட்டு..."

"போன் செல்லாது, திரை செல்லாது. விதி நாலு." அவள் விதிகளை மனப்பாடமாகச் சொன்னாள். "ஒருத்தர் பேசறது மத்தவங்க காதுல விழணும். தூக்கின கை கண்ணுல படணும். உறுப்பினர் இல்லாத ஒருத்தர் எண்ணணும்."

சொல்லி முடித்ததும் அவள் பிடி தளர்ந்தது. கப்பலைப் பார்த்தாள். அறுபது கெஜ தூரத்தில் அது குதித்துக்கொண்டிருந்தது.

"கூரை வேணும்னு எந்த விதியிலயும் இல்ல" என்றாள் மெதுவாக.

அடுத்த நொடி ஓடினாள். கூடத்துக்கு அல்ல. துறை முனையில் இருந்த டார்க்வில்லின் அறைக்கு.

டார்க்வில் துறைக் கண்காணிப்பாளர். நோட்டில் ஒன்று. தீவிலேயே ஒரே ஒரு ஒன்று. அவன் கதவில் ஒட்டிய பிரிட்டிஷ் யூனியன் கொடி வெயிலில் வெளுத்து, மார்வென் சொல்வதுபோல், 'துவைத்த பைஜாமா' நிறத்துக்கு வந்திருந்தது. இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். அன்றிலிருந்து சண்டை.

"டேய், உன் மைக்கைக் குடு. பைனாகுலரையும்."

"எதுக்கு?"

"கூட்டம் நடத்தணும். பாதி இங்க, பாதி கப்பல்ல."

டார்க்வில் மேஜையிலிருந்து காலை எடுத்தான். முழுசாக விஷயம் கேட்டான். பிறகு சிரித்தான். ஒரு நிமிஷம் சிரித்தான். எங்களிடம் இருந்ததே இருபது.

"அதாவது மார்வென், நான் இந்தக் கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தா உங்க கட்சி க்ளோஸ்."

"ஆமா."

"போன தடவையே நூத்துக்கு அம்பத்தஞ்சு பேர் எங்க பக்கம்."

"அதுல பாதிப் பேர் இப்ப சர்ச் கல்லறைத் தோட்டத்துல படுத்திருக்காங்க."

"லண்டன் சம்மதிக்காம வாக்கெடுப்பே கிடையாதுன்னு கோர்ட்டே சொல்லியாச்சு!"

"கேட்டுக்கிட்டே இருப்போம்."

"கேட்டுக்கிட்டே இருந்தா அவங்களுக்குக் காது வலிக்கும்."

"வலிக்கட்டும். வலிச்சாத்தான் எழுந்து வந்து கதவைத் திறப்பாங்க. டேய், மணி ரெண்டு நாப்பத்தொண்ணு. தர்றியா, பிடுங்கவா?"

டார்க்வில் மைக்கை எடுத்தான். ஆனால் அவளிடம் கொடுக்கவில்லை.

"யார் எண்ணப்போறது? உன் புருஷனா? எடின்பரோவில சிரிப்பாங்க."

மார்வென் அவனைப் பார்த்தாள். நான் மார்வெனைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"நீ எண்ணு" என்றாள்.

"நானா?"

"நீ பத்துன்னு சொன்னா எவனாலயும் மறுக்க முடியாது."

"ஒன்பதுன்னா?"

"ஒன்பதுதான்" என்றாள் மார்வென்.

மணி இரண்டு நாற்பத்தாறு.

கூடத்திலிருந்து ஏழு பேரும் வந்தார்கள், தேநீர்க் கோப்பையோடு. ஒருவர் தட்டிலிருந்த ஸ்கோன் ரொட்டியைக் காற்று தூக்கிப் போக, ஒரு கடற்காகம் நடுவானத்தில் பிடித்தது. கைதட்டினார்கள். டார்க்வில் வயர்லெஸ்ஸில் கேப்டனிடம் பேசினான். ஐந்து நிமிஷம் நிற்கிறேன், அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது என்றார் கேப்டன். கப்பலின் ஒலிபெருக்கியை மைரியிடம் கொடுக்கவும் ஒத்துக்கொண்டார்.

"கூட்டம் ஆரம்பம்!" மார்வென் மைக்கில் கத்தினாள். "மைரி, கேக்குதா?"

"கேக்குது!" கடல் முழுக்க மைரியின் குரல். "ரூரியும் வந்திருக்கான். ஆனா..."

"ஆனா என்ன?"

"தளத்துல படுத்திருக்கான். வாந்தி."

துறையில் எல்லோரும் முனகினார்கள். ரூரி முப்பது வருஷமாகக் கடலில் பிழைக்கிறவன். தன் படகில் புயலே வந்தாலும் சாண்ட்விச் சாப்பிடுவான். இன்னொருவன் ஓட்டினால் குடல் வாய்க்கு வந்துவிடும்.

"நிக்க வை!"

"நிக்க வெச்சேன். என் செருப்பு மேல எடுத்துட்டான்."

"தீர்மானம்!" மார்வென் இடைவெளி விடாமல் படித்தாள். "புதிய விடுதலைப் பிரச்சாரத்தில் ஸ்கார்வே தீவு சேர்கிறது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்!"

துறையில் எட்டுக் கைகள். டார்க்வில் நிதானமாக எண்ணினான், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து. பிறகு பைனாகுலரைத் தூக்கினான்.

"கப்பல்ல பதினேழு கை" என்றான்.

"என்னது?"

"ஜெர்மன் டூரிஸ்டுங்க. ஏதோ விளையாட்டுன்னு நெனச்சுட்டாங்க."

மைரி அவர்களை அதட்டும் குரல் கேட்டது. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மைரியின் கை மட்டும் நின்றது.

"ஒன்பது" என்றான் டார்க்வில்.

"ரூரி என் காலடியிலதான் இருக்கான்!" என்று கத்தினாள் மைரி. "சத்தியமா!"

"உன் சத்தியம் எனக்கு வேண்டாம். கை தெரியணும்."

கேப்டன் ஹாரன் அடித்தார். கப்பலின் மூக்கு திரும்பத் தொடங்கியது. மணி இரண்டு ஐம்பத்து நான்கு.

அப்போது தளத்தின் இரும்புச் சுவருக்கு மேலே ஒரு கை எழுந்தது. கை மட்டும். ஆள் இல்லை, முகம் இல்லை.

"அதோ!" என்றாள் மார்வென்.

"யார் கைன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஜெர்மன்காரன் கையா இருக்கலாம்."

டார்க்வில் பைனாகுலரின் சக்கரத்தைத் திருகினான். நிறுத்தினான். அப்படியே நின்றான். மார்வென் மறுபடி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள்.

ஒன்பது என்று சொன்னால் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. முகம் தெரியவில்லை என்பது உண்மை. பதினோரு வருஷமாக அவன் வேண்டிக்கொண்டது நடந்துவிடும்.

"மோதிர விரல் பாதிதான் இருக்கு" என்றான்.

அந்த விரல் எங்கே போனது என்று தீவுக்கே தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால், ரூரி டார்க்வில்லின் படகில் வேலை பார்த்த காலத்தில், வலை இழுக்கும் இயந்திரத்தில் போனது. துண்டான விரலோடு அவனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியவன் டார்க்வில்.

"அந்த விரலை நான் துணியில சுத்தினேன்" என்றான் டார்க்வில். பைனாகுலரை இறக்கினான். "ரூரிதான். பத்து."

துறை வெடித்தது. தேநீர்க் கோப்பைகள் பறந்தன. மார்வென் டார்க்வில்லின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். முப்பது வருஷத்தில் எனக்கே அப்படிக் கிடைத்ததில்லை.

இரண்டு ஐம்பத்தேழுக்கு அவன் அறையிலிருந்தே எடின்பரோவுக்கு போன் போட்டாள்.

"பத்து. ஒருமனதா... எங்கயா? பாதி நிலத்துல, பாதி தண்ணியில... இல்ல, குடிக்கல. எண்ணினவர்கிட்ட தர்றேன்."

டார்க்வில் போனை வாங்கினான். "டார்க்வில் மக்ஃபெய்ல், துறைக் கண்காணிப்பாளர். நான் உங்களுக்கு எதிர்க்கட்சி. எண்ணினது நான். பத்து. எழுதிக்குங்க." வைத்துவிட்டான்.

"ஏண்டா சொன்ன?" மார்வென் கேட்டாள். "ஒன்பதுன்னு விட்டிருக்கலாமே?"

"நீங்க கலைஞ்சுபோனா நான் யாரைத் தோக்கடிக்கறது?" என்றான் டார்க்வில். "இந்தத் தடவையும் நாங்கதான் ஜெயிப்போம். எண்ணித்தான் ஜெயிப்போம். நோட்டுல நான் இன்னும் ஒண்ணுதானே?"

"ஒண்ணேதான்."

"மாத்திடாதே."

மார்வென் பச்சை நோட்டைத் திறந்திருந்தாள். பேனாவோடு என்னைப் பார்த்தாள்.

"அஞ்சே முக்கால்" என்றேன்.

"முழு எண்ணாச் சொல்லு."

"அப்ப... ஆறுன்னு போடு. பென்சில்ல."

அவள் பேனாவிலேயே எழுதினாள்.

கப்பல் தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்தது. பாவம், மைரியும் ரூரியும் இன்றிரவு அந்தக் கரையில்தான். டார்க்வில் பைனாகுலரில் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது.

இரும்புச் சுவருக்கு மேலே அந்தக் கை இன்னும் அப்படியே நின்றது. கூட்டம் முடிந்துவிட்டது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

மார்வென் மைக்கைப் பிடுங்கினாள்.

"ரூரி! ஜெயிச்சாச்சு! கையைக் கீழ போடு!"

கை இறங்கவில்லை. அது எங்களுக்கு டாட்டா காட்ட ஆரம்பித்தது.