புக்கிங் வண்டி

மத்தியானம் மூன்றரை மணிக்கு சீதம்மாள் காலனியிலிருந்து திருமயிலை ஸ்டேஷனுக்கு ஒரு புக்கிங் விழுந்தது. பயணி பெயர் சிந்து. துரைராஜ் ஆட்டோவை அந்த அடுக்குமாடி வீட்டு வாசலில் நிறுத்தினான். அவன் அக்கா தாயம்மா எட்டு வருஷமாகச் சமையல் வேலை பார்க்கும் வீடு அது. அக்காவைப் பார்த்துப் பதினெட்டு நாளாகிவிட்டது. பார்த்தால் என்ன சொல்வது என்று பதினெட்டு நாளும் யோசித்தும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. இத்தனைக்கும் ஸ்டாண்டில் அவன் வாயை மூட யாராலும் முடியாது. வீட்டுப் பெண் எங்கேயோ கிளம்புகிறாள், அக்கா உள்ளே அடுப்படியில் இருப்பாள் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான்.

கால்வாய் ஓரத்துக் குடிசைகளை அரசாங்கம் எடுத்தபோது தாயம்மாவுக்கு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு கிடைத்தது. துரைராஜ் பல்லக்குமாநகரில் வாடகை அறையில் இருந்ததால் தப்பித்தான். அதிலிருந்து அக்கா தம்பி உறவு என்பது காலையில் பத்து நிமிஷம்தான். வேளச்சேரி வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில், ஏழேகாலுக்குத் திருமயிலை. அவன் அந்த ஸ்டேஷனிலிருந்து லஸ் வழியாகப் பாண்டி பஜாருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினான், அவள் வேலைக்குப் போகும் வீடு அந்த வழியில்தான். பின்னால் ஜனம் நெருக்கியடிக்க, தாயம்மா டிரைவர் சீட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டு அவனை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். வேறு எந்தப் பெண்ணும் அங்கே உட்கார முடியாது, அவள் கூடப் பிறந்தவள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அவன் ஷேவ் பண்ணாததற்குத் திட்டி, பேப்பரில் மடித்த தோசையை மடியில் வைத்து, செத்துப்போன அம்மாவின் மூக்குத்தியைப் பற்றி ஒரு சண்டையும் போட்டு முடித்துவிடுவாள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனைத் திட்டுவதற்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை.

ஆடி மாசம் ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். ரயிலில் வருகிறவர்கள் இறங்கும் முன்பே போனில் ஆட்டோ போட்டுக்கொள்ளலாம், ஒரே பக்கம் போகிற மூன்று பேருக்கு ஒரு வண்டி, படிக்கட்டுக்கு நேர் கீழே நிற்க இடம். நல்ல ஏற்பாடுதான், அதில் பொய் இல்லை. ஸ்டாண்டுக்குச் செயலாளர் என்பதால் முதல் கையெழுத்து துரைராஜுடையது. புக்கிங் இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது என்று படித்துக் காட்டினார்கள். அவனும் தலையாட்டினான். அக்காவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

முதல் வாரம் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார வைத்தான். யாரோ புகார் எழுத, கம்பெனியில் இரண்டு நாள் அவன் ஐடியை முடக்கி, சவாரியே வராமல் செய்தார்கள். அப்புறம் அக்காவை லஸ் முனைக்கு நடந்து வரச் சொல்லி, அங்கே இடம் இருந்தால் ஏற்றிக்கொண்டான். அதுவும் ஐப்பசி மழை வரைக்கும்தான்.

அன்றைக்கு மெட்ரோ வேலைக்குத் தோண்டிய இடமெல்லாம் குளம். லஸ் சிக்னலில் நின்ற அவன் வண்டியில் பின்னால் மூன்று பேர். தாயம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் வந்து கம்பியைப் பிடித்து, ஒரு காலையும் உள்ளே வைத்துவிட்டாள். பின்சீட்டுப் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். துரைராஜுக்கு ஐடி முடங்கிக் கிடந்த அந்த இரண்டு நாள் ஞாபகம் வந்தது.

“புக்கிங் வண்டிம்மா. வேற ஆட்டோ பாருங்க.”

தாயம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். “சரிங்க,” என்று காலை எடுத்துக்கொண்டாள்.

வண்டி நகர்ந்ததும் அந்தப் பெண், “பாவம், ஏத்திருக்கலாமேண்ணா, முன்னாடி இடம் இருந்துச்சே,” என்றாள். அவனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. மறுநாளிலிருந்து அக்கா அந்த ஸ்டேஷனில் இறங்கவில்லை, எந்த வழியாக வேலைக்குப் போகிறாளோ தெரியவில்லை. போன் செய்ய அவனுக்கு முகமில்லை.

இப்போது அந்த அடுக்குமாடியின் வாசல் கதவு திறந்தது. வந்தது தாயம்மாதான், கையில் ஒரு பெரிய துணிப்பை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்துப் படித்தாள். பேனாவால் எழுதியிருந்தது. “நாலு, ஏழு, ஒண்ணு, ஒம்போது.”

“இன்னாக்கா இது?”

“நம்பர் சொன்னாத்தான வண்டி கெளம்பும்? சிந்து பாப்பா எழுதிக் குட்துச்சு. மூணு தபா வேற எந்த டிரைவர் பேரோ வந்துச்சு. உன் பேர் வர்ற வரிக்கும் கேன்சல் பண்ணச் சொன்னேன்.”

“முன்னாடி வாக்கா.”

“வாணாம்பா, அப்பால உனக்குப் பிரச்சினை ஆவும்.”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பயந்துதான் சொன்னாள். அவன் நம்பரை அழுத்தி வண்டியைக் கிளப்பினான். லஸ் வந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

“இன்னியோட அந்த வூட்டு வேலைலேந்து நின்னுட்டேன் தொரை. எங்க பக்கத்துலயே ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையலு. நாளைலேந்து இந்தாண்ட வர மாட்டேன். உன்னாண்ட சொல்லிக்கினு போலாம்னுதான்.”

“அன்னிக்கு மழைல நான்...”

“அத வுடு. உன் பொழப்ப நீ பாக்கணும். எனக்கும் கால் முடில.”

அவள் கால் இன்று நேற்றா முடியாமல் இருக்கிறது? ஐந்து வருஷமாக அந்தக் காலோடுதான் ஆறு மாடி இறங்கி, பஸ் ஏறி, ரயில் ஏறி வந்தாள். எதற்காக வந்தாள் என்பது இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஸ்டேஷன் வந்தது. தாயம்மா இறங்கிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வேளைக்குத் துன்னு,” என்றாள். கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக, ஒரே காலை முதலில் வைத்து வைத்து ஏறினாள். ஓடிப்போய்ப் பையையாவது வாங்கலாம் என்று துரைராஜ் இறங்கினான். அதற்குள் அவள் படிக்கட்டு வளைவில் திரும்பிவிட்டாள்.

தலைக்கு மேல் பாலத்தில் வேளச்சேரி ரயில் வந்து நின்றது. பயணம் முடிந்ததா என்று போன் கேட்டது. அவன் அமுக்கவில்லை. ரயில் கிளம்பி, பாலம் அதிர்ந்து அடங்கியது. திரையில் ஆட்டோ படம் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. அந்த வண்டிக்குள் பயணி இன்னும் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது.